இரக்கம் யார் செலவில்? நியாயத்தையும் அன்பையும் சேர்த்தே செய்வது எப்படி

எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தின் சேமிப்புப் பணத்தை ஒரு தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன், பாடுவான், ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வான். ஏழெட்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்கிறான் என்பது கணக்கு நோட்டைப் புரட்டியபோது தெரிந்தது. எல்லா மாதத்துக் கணக்கும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே இரவில் உட்கார்ந்து எழுதியது போல. கமிட்டியில் ஆறு பேர் உட்கார்ந்தோம். அவன் அழுதான், எங்களுக்கும் மனசு இளகிவிட்டது. "ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னவருடைய பிள்ளைகள் நாம்" என்று முதலில் எடுத்துக்கொடுத்தது நான்தான். ஜெபம் பண்ணினோம், அவனைக் கட்டிப்பிடித்தோம், விஷயம் வெளியே போக வேண்டாம் என்று பேசிக்கொண்டோம், பெரிய காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கிறேன். அந்தச் சேமிப்பில் பணம் போட்டிருந்த வயதான அம்மா ஒருவர் பக்கத்தில் வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "மன்னிச்சிட்டீங்களாமே தம்பி. பணம் உங்களுதா?"

அவ்வளவுதான் கேட்டார். கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மத்தேயு 18-ஐ எடுத்து மறுபடி வாசித்தேன். பேதுருவின் கேள்வி, என் சகோதரன் "எனக்கு விரோதமாய்" குற்றம் செய்தால் எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்பது. எனக்கு விரோதமாய். பக்கத்து வீட்டுக்காரருக்கு விரோதமாய் அல்ல. அதற்குப் பதிலாக இயேசு சொல்லும் கதையில் ராஜா தள்ளுபடி செய்வதும் தன் சொந்தக் கணக்கில் வரவேண்டிய பதினாயிரம் தாலந்தைத்தான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. பெருக்கிப் பார்த்தால் 6 கோடி நாள் கூலி. அத்தனையும் அவர் பையிலிருந்து போகிறது. நாங்கள் செய்தது வேறு. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கதை. யாரோ ஒரு அம்மாவின் சேமிப்பை எடுத்து நாங்கள் தாராளமாக மன்னித்திருக்கிறோம்.

அதற்கப்புறம் சபையிலும் சொந்தக்காரர்கள் நடுவிலும் இப்படிப் பல பஞ்சாயத்துகளில் உட்கார்ந்தாயிற்று. சிலது சரியாக வந்தது, சிலதில் சொதப்பினேன். பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இறையியல் வகுப்பு எடுக்கிற ஆள் நான் இல்லை.

தராசைத் தூக்கி ஓரமாக வையுங்கள்

நீதியும் இரக்கமும் என்றவுடன் நமக்கு ஒரு தராசு ஞாபகம் வருகிறது. ஒரு தட்டில் கண்டிப்பு, இன்னொரு தட்டில் கருணை, முள் நடுவில் நின்றால் சமநிலை. இந்தப் படம்தான் நம்மைக் கெடுக்கிறது. ஏனென்றால் இதன்படி இரக்கம் கூடவேண்டுமானால் நியாயம் குறைய வேண்டும். "பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடு, மீதியை விட்டுவிடுகிறோம்" என்று முடிப்பது நியாயமும் இல்லை, இரக்கமும் இல்லை, அது பேரம்.

"உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்ற வசனம் முதலில் வருவது எங்கே என்று பாருங்கள். லேவியராகமம் 19, 18-ஆம் வசனம். அதற்கு மூன்று வசனம் முன்னால், நியாயம் விசாரிக்கும்போது ஏழை என்பதற்காக ஏழைப் பக்கமும் சாயாதே, பெரியவன் முகத்துக்கும் பயப்படாதே என்று இருக்கிறது. ஒரு வசனம் முன்னால், சகோதரனை மனசுக்குள் பகைக்காதே, தப்பை அவனிடமே சொல்லிக் கடிந்துகொள் என்று இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மேலே போனால், கூலிக்காரன் கூலி விடியுமட்டும் உன்னிடம் தங்கக்கூடாது என்று இருக்கிறது. இவையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னவை. பிறனை நேசி என்ற கட்டளையே நியாய விசாரணைக்கு நடுவில்தான் பிறந்திருக்கிறது, நாம்தான் அதை வெட்டியெடுத்துக் காலண்டரில் போட்டுவிட்டோம்.

அப்படியானால் இரக்கத்துக்கு எங்கே இடம்? எனக்கு இதைத் தெளிவாக்கியது உபாகமம் 24-இல் வரும் ஒரு சின்னக் காட்சி. ஒருவன் கடன் கொடுக்கிறான், அடகு வாங்க வேண்டும். சட்டம் சொல்வது: அடகை எடுக்க அவன் வீட்டுக்குள் நுழையாதே. வெளியே நில். கடன் வாங்கினவன் தானே அதை வெளியே கொண்டுவரட்டும். அவன் ஏழையாக இருந்து தன் போர்வையையே அடகு வைத்தால், பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு, போர்த்திக்கொண்டு தூங்கட்டும். கடன் ஒரு காசு குறையவில்லை, கவனியுங்கள். அடகும் உண்டு. ஆனால் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் அவன் வீட்டுக்குள் நுழைந்து சாமானைக் கிளறுவதில்லை, வாசலில் நிற்கிறீர்கள். என்ன செய்யவேண்டும் என்பதை நியாயம் சொல்கிறது, எந்தக் கையால், எந்த வேகத்தில், எந்தக் குரலில் செய்யவேண்டும் என்பதை இரக்கம் சொல்கிறது. இரண்டையும் முழுசாகவே செய்யலாம்.

முதலில் பாதிக்கப்பட்டவரிடம் போங்கள்

தப்பு செய்தவர் அழுதுகொண்டு நம் முன்னால் உட்கார்ந்திருப்பார். இழந்தவர் அந்த அறையிலேயே இருக்கமாட்டார். கண்முன் இருக்கும் கண்ணீர்தான் பெரிதாகத் தெரியும், அது மனித இயல்பு. அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: தப்பு செய்தவரோடு பேசி எந்த முடிவுக்கும் வருமுன், பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வருவது. போய் வேதபாடம் நடத்தாதீர்கள். என்ன நடந்தது, என்ன போயிற்று, இப்போது உங்களுக்கு என்ன வேண்டும், எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அந்த அம்மாவிடம் நான் தாமதமாகத்தான் போனேன். போனபோது அவர் முதலில் பேசியது பணத்தைப் பற்றி அல்ல. மாதா மாதம் பணம் கொடுக்கும்போது அந்தப் பையன் நலம் விசாரிப்பானாம், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பானாம். "அதெல்லாம் பொய்யா தம்பி?" என்றார். ஆறு பேர் உட்கார்ந்த கமிட்டிக்கு இந்த நஷ்டம் கண்ணிலேயே படவில்லை.

கேட்கவே கூடாத ஒரு கேள்வி உண்டு: "நீங்க மன்னிச்சிட்டீங்கதானே?" அடிபட்டவர் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுகிற கேள்வி அது. அவர் நிதானத்துக்கு வரும்போது வரட்டும்.

தனியாகப் பேசுவது, அது கூடாத இடங்கள்

அப்புறம்தான் தப்பு செய்தவரிடம் போவது. மத்தேயு 18:15 தெளிவாக இருக்கிறது, "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நாம் இதைத் தலைகீழாகச் செய்வதில் கெட்டிக்காரர்கள். முதலில் வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு "ஜெபக்குறிப்பு" போகும், கடைசியில்தான் சம்பந்தப்பட்டவனுக்கே தெரியவரும்.

கி.பி. 390-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தெசலோனிக்கே நகரத்தில் கலவரக்காரர்கள் ஒரு படைத் தளபதியைக் கொன்றுவிட, அதற்குப் பழியாகப் பேரரசன் தியோடோசியஸின் ஆட்கள் ஆயிரக்கணக்கான மக்களை வெட்டிப்போட்டார்கள். மிலான் நகர ஆயர் அம்புரோஸ் அரசனுக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார், வேறு யாரும் வாசிக்க அல்ல, அவன் ஒருவன் கண்ணுக்கு மட்டும். அதில் அவனை நேசிப்பதாகவும் சொன்னார். மனந்திரும்பாமல் அவன் வந்து நின்றால் தன்னால் திருவிருந்து நடத்த முடியாது என்றும் சொன்னார். அரசன் கடைசியில் அரச உடையைக் களைந்துவிட்டு சபை நடுவே பாவ அறிக்கை செய்தான், அப்புறம்தான் மறுபடி திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டான். ஊருக்குத் தெரிந்த கொலைக்கு ஊரறிய அறிக்கை, ஆனால் ஆரம்பம் ஒரு தனிக் கடிதம். எழுதினவர் கை நடுங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், எதிரில் இருந்தது பேரரசன்.

என்ன பேசுவது? ஆளைப் பற்றிப் பேசாதீர்கள், நடந்ததைப் பற்றிப் பேசுங்கள். "நீ இப்படிப்பட்டவன் என்று தெரியாமல் போயிற்றே" என்று ஆரம்பித்தால் அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே பார்ப்பான். "ஜனவரியில் இருந்து நோட்டில் இருக்கிற தொகையும் பெட்டியில் இருக்கிற தொகையும் ஒத்துவரவில்லை, என்ன நடந்தது, சொல்" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மௌனம் நீளும். அதை நீங்கள் நிரப்பாதீர்கள். நம்மில் பலர் அந்த இடத்தில்தான் தோற்போம், அவன் சொல்லவேண்டிய சாக்கையும் நாமே சொல்லிக்கொடுத்துவிடுவோம், "வீட்டில் கஷ்டம்தானே, அதனால்தானே" என்று. கஷ்டம் இருந்திருக்கலாம். அதை அவன் சொல்லட்டும்.

இனி முக்கியமான விஷயம். "தனித்திருக்கையில்" என்ற வசனம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கணவனிடம் அடிவாங்கும் பெண்ணை "போய்த் தனியாகப் பேசு, ஜெபித்துவிட்டுப் பேசு" என்று திருப்பி அனுப்புவது வசனத்தை வைத்தே அவளை மறுபடி அடிப்பது. குழந்தையிடம் தவறாக நடந்தவர் விஷயத்தில் மூப்பர்கள் கூடி விசாரித்து அவரையும் மன்னித்து, குடும்பத்தையும் வாயை மூடச் சொல்வது நியாயமும் அல்ல இரக்கமும் அல்ல, அடுத்த குழந்தையைக் காட்டிக்கொடுப்பது. இது காவல்துறைக்குப் போகவேண்டிய விஷயம். அன்றே போகவேண்டும். "சபையின் சாட்சி கெட்டுவிடும்" என்று யாராவது சொன்னால், சாட்சி ஏற்கெனவே கெட்டுவிட்டது, இப்போது மிச்சமிருப்பது குழந்தைதான் என்று சொல்லுங்கள். அதிகாரமுள்ளவன் பட்டயத்தைச் சும்மா பிடித்திருக்கவில்லை என்று ரோமர் 13-இல் பவுல் எழுதியது இதற்கும் சேர்த்துத்தான். ஒருவர் இன்னொருவர் கையில் அடங்கியிருக்கும் இடத்தில், பயம் இருக்கும் இடத்தில், முதல் வேலை பாதுகாப்பு. சமரசம் அப்புறம். ஒருவேளை அது ஒருபோதும் நடக்காமலும் போகலாம்.

மன்னித்தால் புகாரைத் திரும்பப் பெறத்தானே வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. போப் இரண்டாம் ஜான் பால் 1981 மே 13-ஆம் தேதி சுடப்பட்டார். நாலே நாளில், மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே, சுட்டவனை மன்னித்ததாக அறிவித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே போய் அவனோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். ஆனாலும் அந்த ஆள் இத்தாலியச் சிறையில் இருந்தது 19 வருஷம். 2000-ஆம் ஆண்டில் போப்பின் விருப்பத்தின்படி அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் பொதுமன்னிப்புக் கொடுத்தார். உடனே சொந்த நாடான துருக்கிக்கு அனுப்பப்பட்டான், அங்கே வேறொரு கொலைக்கான தண்டனை பாக்கி இருந்தது. அந்தக் கொலையை மன்னிக்க போப்புக்கு உரிமை இல்லை, அவர் அதில் தலையிடவும் இல்லை.

மன்னிப்புக் கேட்பதில் உள்ள தில்லுமுல்லு

"ஏதாவது தப்பு நடந்திருந்தால் மன்னித்துவிடுங்கள்." இதைக் கேட்டவுடன் உஷாராகிவிடுங்கள். நடந்திருந்தால் என்றால்? நடந்ததா இல்லையா? "உங்கள் மனசு புண்பட்டிருந்தால்" என்பது இன்னும் மோசம், குற்றம் உங்கள் மனசின் மேல் வந்துவிடுகிறது. மன்னிப்பு என்பது செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்வதில் ஆரம்பிக்கிறது. எடுத்தேன், இத்தனை எடுத்தேன், நோட்டில் பொய் எழுதினேன், நீங்கள் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எடுத்தேன். இதைச் சொல்ல வைப்பது கொடுமை மாதிரித் தோன்றும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் முழு உண்மை வெளியே வராமல் கொடுக்கிற மன்னிப்பு, நமக்குத் தெரியாத ஒன்றை மன்னிப்பது. அன்பு "அநியாயத்தில் சந்தோஷப்படாமல், சத்தியத்தில் சந்தோஷப்படும்" என்று கலியாண வீடுகளில் தவறாமல் வாசிக்கிறோமே, அதன் அர்த்தம் இதுதான்.

கண்ணீரை வைத்து எடைபோடாதீர்கள். சிலருக்கு அழுகை வராது, ஆனால் மறுநாள் காலையில் பணத்தோடு வந்து நிற்பார்கள். சிலர் மூன்று மணி நேரம் அழுவார்கள், நாலாவது மணி நேரத்தில் "என்னை எல்லாரும் ஒதுக்குகிறார்கள்" என்று ஆரம்பிப்பார்கள்.

திருப்பிக் கொடுக்க வேண்டும், எப்படி என்பதில்தான் இரக்கம்

வரி வசூலிக்கிறவர்களுக்குத் தலைவனான சகேயு வீட்டில் இயேசு சாப்பிடப் போனார், ஊரே முணுமுணுத்தது. இரக்கம் முதலில் வந்தது, அதில் சந்தேகமே இல்லை, அவன் ஒரு காசும் திருப்பித் தருமுன் இயேசு அவன் வீட்டுக்குள் போய்விட்டார். ஆனால் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று சொன்னது, அவன் எழுந்து நின்று "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று சொன்ன பிறகு. நாலத்தனை என்பது ஆட்டைத் திருடி விற்றவனுக்கு யாத்திராகமம் 22 சொல்லும் கணக்கு. தானாகவே ஒப்புக்கொண்டவனுக்கு லேவியராகமம் 6 சொல்வது முதலும் ஐந்தில் ஒரு பங்கும்தான். சகேயு தனக்குத் தானே கடுமையான கணக்கைப் போட்டுக்கொண்டான். யாரும் கேட்கவில்லை.

ஆக, எத்தனை என்பதில் பேரம் வேண்டாம். எத்தனை நாளில், எப்படி என்பதில் தாராளமாக இருங்கள். அவன் பிள்ளைகள் பட்டினி கிடக்காத தவணையாகப் பார்த்து, எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவது நம்பிக்கை இல்லாத்தனம் என்று நினைக்க வேண்டாம், மூன்றாவது மாதம் வரப்போகிற சண்டையை அது தடுக்கும்.

முடிந்தால் அவனே நேரில் போய்க் கொடுக்கட்டும், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் மட்டும். 1974-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சின்ன ஊரில் இரண்டு இளைஞர்கள் போதையில் ஒரே இரவில் 22 பேரின் சொத்துகளைச் சேதப்படுத்திவிட்டார்கள், கார் டயர்களைக் கிழித்து, ஜன்னல்களை உடைத்து. மெனோனைட் சபையைச் சேர்ந்த நன்னடத்தை அதிகாரி ஒருவர் நீதிபதியிடம் ஒரு யோசனை சொன்னார்: இவர்களை ஒவ்வொரு வீடாகக் கூட்டிக்கொண்டு போனால் என்ன? நீதிபதியும் சம்மதித்தார். கதவைத் தட்டி, நான்தான் செய்தேன் என்று சொல்லி, நஷ்டம் எவ்வளவு என்று கேட்டு, சில மாதங்களில் கொடுத்தும் முடித்தார்கள். இன்று பல நாடுகளில் சீரமைப்பு நீதி என்ற பெயரில் நடக்கும் திட்டங்களுக்கு அந்தக் கதவு தட்டல்தான் தொடக்கம் என்பார்கள். ஜெயிலில் கிடப்பதைவிட அந்த முதல் கதவைத் தட்டுவது கஷ்டமாக இருந்திருக்கும்.

இந்தப் பகுதியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி முடிந்தபின் ஆயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996-இல் விசாரணையைத் தொடங்கியது. முழு உண்மையையும் சொன்னால் பொதுமன்னிப்பு. வருந்த வேண்டும் என்றுகூட நிபந்தனை இல்லை. விண்ணப்பித்தவர்கள் 7,112 பேர், கிடைத்தது 849 பேருக்கு, அதனால் எல்லாரையும் சும்மா விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதையாவது பல தாய்மார்கள் தெரிந்துகொண்டார்கள், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மன்னிக்கப்பட்டவர்களுக்கு விடுதலை உடனே கிடைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரே தடவையாக 30,000 ராண்ட் தருவதென்று அரசு அறிவித்தது 2003-இல், அதுவும் ஆணையம் பரிந்துரைத்ததைவிட மிகக் குறைவு. இரக்கத்தின் செலவு யார் தலையில் விழுந்தது என்று அங்கே இன்றைக்கும் கேட்கிறார்கள்.

எங்கே நிறுத்துவது

கண்டிப்புப் பக்கம் சாய்ந்தவர்கள் கோட்டைவிடும் இடம் இது. ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. உபாகமம் 25-இல் அடிக்கு 40 என்று வரம்பு வைத்திருக்கிறது, காரணத்தையும் சொல்கிறது: அதற்கு மேல் போனால் உன் சகோதரன் உன் கண்ணுக்கு இழிவானவனாகத் தெரிவான் என்று. தண்டனை வாங்கும்போதும் அவனுக்குப் பெயர் சகோதரன். கொரிந்து சபை ஒருவனைத் தண்டித்தபோது பவுல் எழுதினார், இந்தத் தண்டனையே போதும், இனி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லையென்றால் அதிக துக்கத்தில் அவன் அமிழ்ந்துபோவான் என்று.

அதனால் ஆரம்பத்திலேயே முடிவுத் தேதியைப் பேசிவிடுங்கள். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். அந்த நாள் வந்ததும் யாராவது ஒருவர் வாய்விட்டு "முடிந்தது" என்று சொல்லவேண்டும், அவன் காது கேட்க. அதற்கப்புறம் அந்தக் கதையை எடுப்பவர் யாராக இருந்தாலும் அவர்தான் குற்றவாளி. சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளைத் திட்டும்போதும் இது பொருந்தும், மூன்று வருஷத்துக்கு முன் உடைத்த சாமானை நேற்று இரவு ஞாபகப்படுத்தினீர்களா இல்லையா?

மன்னிப்பு வேறு, பொறுப்பு வேறு. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடலாம், பணப்பெட்டிச் சாவியைத் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை. சாவி கொடுக்காதது பழிவாங்கல் என்று அவன் சொன்னால், இல்லை தம்பி, உன்னை மறுபடி அந்த இடத்தில் தனியாக நிறுத்த எனக்கு மனசு வரவில்லை என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறவர்?

வேதத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆசாரியனான ஏலி, தன் மகன்கள் பலியில் கைவைத்துத் தின்றதும் பெண்களிடம் தவறாக நடந்ததும் தெரிந்தும், வாயால் கேட்டதோடு விட்டவர், அடக்கவில்லை. இன்னொருவர் யோனா. நினிவே மனந்திரும்பியது, கடவுள் மனமிரங்கினார், இவருக்குக் கோபம் வந்துவிட்டது: நீர் இரக்கமுள்ளவர் என்று தெரிந்துதான் நான் ஓடினேன் என்று கடவுளிடமே சண்டை. நீங்கள் யார், ஏலியா யோனாவா? (எலியா தீர்க்கதரிசியைச் சொல்லவில்லை, அவர் மூன்றாவது ரகம்.)

நான் ஏலி. சண்டை என்றால் எனக்கு வயிற்றைப் பிசையும், சீக்கிரம் ஜெபம் பண்ணி எழுந்துவிட வேண்டும் என்று இருக்கும். அந்தப் பயத்துக்கு நான் வருஷக்கணக்காக இரக்கம் என்று பெயர் வைத்திருந்தேன். என்னைப் போன்றவர்கள் கமிட்டியில் ஒரு யோனாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. யோனாக்களுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: அவன் திருந்திவிட்டான் என்று நாளைக்குத் தெரியவந்தால் உனக்குச் சந்தோஷமாக இருக்குமா, ஏமாற்றமாக இருக்குமா? ஏமாற்றமாக இருக்கும் என்றால் இந்த வழக்கை வேறு ஒருவர் பார்க்கட்டும்.

எல்லாவற்றுக்கும் பஞ்சாயத்து வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரோ உங்களைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனார், உங்கள் பெயரை நன்றி உரையில் விட்டுவிட்டார்கள் என்பதற்கெல்லாம் மத்தேயு 18-ஐ எடுக்காதீர்கள். அன்பு திரளான பாவங்களை மூடும் என்று எழுதியிருப்பது இவற்றுக்காகத்தான். உங்களுக்கு வந்த நஷ்டத்தை நீங்கள் விடலாம், எவ்வளவு வேண்டுமானாலும் விடலாம். அடுத்தவர் நஷ்டத்தை விட உங்களுக்கு அதிகாரம் இல்லை.

விடத்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால்? அதற்கும் வழி இருக்கிறது. பவுல் பிலேமோனுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார், மொத்தமே 25 வசனம். பிலேமோனுடைய அடிமை ஒநேசிமு அவனைவிட்டுப் பிரிந்து பவுலிடம் வந்துசேர்ந்தவன், ஏதாவது நஷ்டமும் பண்ணியிருக்கலாம். அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் கேட்கிறார். அதோடு விட்டிருந்தால் அதுவும் ஊரார் வீட்டு நெய்தான். ஆனால் தொடர்ந்து எழுதுகிறார்: அவன் உமக்கு ஏதாவது அநியாயம் செய்திருந்தால், கடன்பட்டிருந்தால், "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்". நானே கொடுத்துத் தீர்ப்பேன் என்று கையெழுத்தும் போடுகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸும் இதே மாதிரி ஒரு கணக்குச் சொன்னார்: நூறு காசு கொடுக்கவேண்டிய இடத்தில் ஒருவன் தன் சொந்தப் பணத்திலிருந்து இருநூறு கொடுத்தால் அவன் நியாயத்தை மீறவில்லை, தாராளமாக நடந்துகொள்கிறான். சொந்தப் பணத்திலிருந்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் சொல்வதும் கடைசியில் இதுதானே, மன்னித்தவரே செலவையும் ஏற்றுக்கொண்டார் என்று.

நாங்கள் மறுபடி கூடினோம், அதே ஆறு பேர். இந்தமுறை அந்த அம்மாவையும் இன்னும் இருவரையும் கூப்பிட்டு, கூச்சமாகத்தான் இருந்தது, முதலில் எங்கள் தப்பைச் சொன்னோம். பெண்களுக்கு உடனே போகவேண்டிய பணத்தை ஆறு பேரும் பங்கு போட்டுக் கொடுத்தோம். அந்த அம்மா மட்டும் எங்களிடம் வாங்க மறுத்துவிட்டார், அவன்தான் கொண்டுவரணும் என்றார். அவனுக்குத் தவணை எழுதினோம், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, அவர் வீட்டுக்கு நேரில். முதல் மாதம் நானும் கூடப் போனேன். வாசலில் நின்றுகொண்டே உறையை நீட்டினான். அவர் எண்ணிப் பார்த்தார், ஒவ்வொரு தாளாக, அவசரமே படாமல், அவன் முகம் சிவக்கச் சிவக்க. எண்ணி முடித்து ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினார். அப்புறம், "உள்ளே வா, உட்காரு" என்றார்.

கடைசித் தவணை முடிந்த பிறகு நான் போய் அந்த நோட்டைக் கேட்டேன், சபைக் கோப்பில் வைக்கலாம் என்று. தரமாட்டேன் என்றுவிட்டார். "அது எனக்கும் அவனுக்கும் உள்ளது தம்பி."